1978 கார்ட்டூன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஏன் பாதியில் நிற்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களையும் பார்த்துவிட்டு, 1978-ல் வந்த கார்ட்டூன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு காட்சியில் அழகான ஓவியம், அடுத்த காட்சியில் முகமூடி போட்ட ஆட்கள் மேல் சாயத்தைக் கொட்டியது போல இருக்கிறது. கடைசியில் கதை திடீரென்று நின்றுவிட்டது. என்னிடம் இருக்கும் பிரதி பழுதா, படமே இப்படித்தானா? இரண்டாம் பாகம் எங்கே கிடைக்கும்?”

உங்கள் பிரதியில் ஒரு பழுதும் இல்லை. படமே அப்படித்தான். இரண்டாம் பாகம் எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அது எடுக்கப்படவே இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. 2000-களின் தொடக்கத்தில் நானும் இதே மாதிரி ஏமாந்தவன். ஜாக்சனின் முதல் படம் வந்து எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்துக் கடையில் வாடகைக்கு ஒரு டிவிடி வாங்கிக்கொண்டு போய்ப் போட்டால், கார்ட்டூன் ஓடுகிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன். “அதே கதைதான் சார், பாருங்க” என்றார் கடைக்காரர். போட்ட காசுக்குப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் எரிச்சலாக இருந்தது. கறுப்புக் குதிரைக்காரன் சாலையில் வந்து நின்ற காட்சியில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நல்ல படம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மோசமான படம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

சாயம் ஊற்றியது போல இருப்பது, பாதியில் நிற்பது என்று நீங்கள் சொல்லும் இரண்டு குறைக்கும் வேர் ஒன்றுதான். கையில் இருந்த காசும் நாளும் எடுத்துக்கொண்ட வேலைக்குப் போதவில்லை. அது எப்படி நடந்தது என்று தெரிந்தால் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதிய டோல்கீன் அதன் திரைப்பட உரிமையை 1969-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் அதை ஜான் பூர்மன் என்ற இயக்குநரிடம் கொடுத்தார்கள். அவர் மூன்று பகுதிகளையும் சேர்த்து, ஏகப்பட்ட மாற்றங்களோடு ஒரே படத்துக்கான திரைக்கதையை எழுதினார். அது எடுக்கப்படவில்லை. (அந்த ஆசையை அவர் பிற்பாடு 1981-ல் ஆர்தர் அரசன் கதையை வைத்து ‘எக்ஸ்காலிபர்’ எடுத்துத் தீர்த்துக்கொண்டார்.) உரிமை சும்மா கிடக்கிறது என்று தெரிந்ததும் வந்து கதவைத் தட்டியவர்தான் ரால்ஃப் பக்ஷி.

பக்ஷி யார் என்று தெரிந்தால் இந்தச் சேர்க்கை எவ்வளவு விசித்திரமானது என்று புரியும். 1938-ல் ஹைஃபாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பிரவுன்ஸ்வில் என்ற ஏழைப் பேட்டையில் வளர்ந்தவர். 1972-ல் அவர் எடுத்த ‘ஃப்ரிட்ஸ் த கேட்’ அமெரிக்காவில் ‘எக்ஸ்’ சான்றிதழ் வாங்கிய முதல் கார்ட்டூன் படம். பூனையும் காக்கையும் பேசும், ஆனால் குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். தெரு, போதை, நிறவெறி என்று படம் எடுத்த ஆள், ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ஒருவரின் தேவமொழி பேசும் எல்ஃப் என்ற மாய இனத்தின் கதையைக் கேட்டு நிற்கிறார். பூர்மன் மூன்று நாவலையும் ஒன்றாகச் சுருக்கியதைக் கேட்டு அவருக்கு ஆத்திரம் வந்ததாம். நூலில் உள்ளபடி, நூலில் உள்ள வசனத்தோடு எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். டோல்கீன் 1973-லேயே காலமாகிவிட்டார். பக்ஷி இங்கிலாந்து போய் அவர் மகள் பிரிசில்லாவைச் சந்தித்து, டோல்கீன் எழுதிய அறையைப் பார்த்துவிட்டு வந்தார்.

பணம் போட்டவர் சால் சேன்ட்ஸ். ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ எடுத்தவர், ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி. 1976-ல் நாவலின் திரைப்பட உரிமையும் அவர் கைக்கு வந்தது. அப்போது போட்ட கையெழுத்து அவர் குடும்பத்துக்கு எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜாக்சன் படங்களுக்கான உரிமையும் அவர் வழியாகத்தான் போனது.

இசைத்தட்டு முதலாளி என்பதால் ஒரு கிளைக்கதை. பக்ஷிக்கு லெட் செப்பெலின் இசைக்குழுவை வைத்துப் பின்னணி இசை போட ஆசை. அந்தக் குழுவே டோல்கீன் பித்துப் பிடித்த குழு. அவர்களுடைய 1969 பாட்டு ஒன்றில் நாவலின் இருள் நாடான மோர்டாரும், கொல்லம் என்ற பாத்திரமும் பெயரோடு வரும். ஆனால் அவர்களுடைய இசைத்தட்டு வேறு நிறுவனத்துடையது, சேன்ட்ஸால் அதை வெளியிட முடியாது. அதனால் நடக்கவில்லை என்று பக்ஷி பல பேட்டிகளில் புலம்பியிருக்கிறார். கடைசியில் லியனார்ட் ரோசன்மன் இசையமைத்தார். பக்ஷிக்கு அந்த இசை பிடிக்கவில்லை. எனக்கு அந்தத் தொடக்க இசை பிடிக்கும். கொஞ்சம் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கும்தான்.

இனி ஓவியத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முக்கியமான பாதி அதில்தான் இருக்கிறது.

இந்தப் படத்தை முதலில் மனிதர்களை வைத்து நிஜப் படமாகவே எடுத்தார்கள். நடிகர்கள் உடை மாட்டிக்கொண்டு, வாள் பிடித்துக்கொண்டு, மொத்தக் கதையையும் கேமரா முன்னால் நடித்தார்கள். பெரிய போர்க் காட்சிகளை ஸ்பெயினில் எடுத்தார்கள். அங்கே பெல்மோன்டே என்ற ஊரில் 15-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது, அதுதான் படத்தில் பெரிய போர் நடக்கும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டை. எடுத்த ஃபிலிமை ஃப்ரேம் ஃப்ரேமாகப் புகைப்படமாக்கி, அதன் மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளை வைத்து, ஓவியர்கள் கோடு போட்டு, வண்ணம் தீட்டினார்கள். இந்த முறைக்கு ரோட்டோஸ்கோப் என்று பெயர். மேக்ஸ் ஃப்ளெய்ஷர் 1915-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து 1917-ல் வாங்கிய முறை, புதிதல்ல. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்திலும் ஆடுகிற பெண்ணை இப்படிப் படம்பிடித்துப் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆனால் முழுநீளப் படம் ஒன்றை அடி முதல் முடி வரை இப்படிச் செய்யத் துணிந்தவர் பக்ஷிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் சுமார் 132 நிமிடம். நொடிக்கு 24 ஃப்ரேம். மொத்தம் 1,90,000-க்கு மேல். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தால்கூட 95,000. அதுவும் திரையில் ஒரே ஒரு ஆள் இருந்தால். ஹெல்ம்ஸ் டீப்பில் வந்து மோதுவது பல நூறு ஓர்க்குகள், அதாவது வில்லன் படையின் அரக்கர்கள். ஒவ்வொரு ஓர்க்குக்கும் ஈட்டி, கேடயம், கந்தல் துணி, பல். இதையெல்லாம் கையால் கோடு போட்டு முடிக்க எத்தனை வருடம் ஆகும்? செலவு சுமார் 40 லட்சம் டாலர்தான் என்று ஒரு கணக்கு உண்டு.

அங்கேதான் சாயக் குறுக்குவழி வருகிறது. கூட்டக் காட்சிகளில் ஓவியர்கள் கோடு போடவே இல்லை. எடுத்த ஃபிலிமையே வெளிச்சமும் இருட்டும் மட்டும் தங்கும்படி, நடு நிறங்கள் எல்லாம் கரைந்துபோகும்படி அச்சடித்தார்கள். அதன் மேல் சிவப்போ பழுப்போ ஒரு நிறத்தை ஏற்றினார்கள். பல்லும் கண்ணும் மட்டும் சில இடங்களில் வரையப்பட்டவை. நீங்கள் ‘ஆட்கள் மேல் சாயம்’ என்று சொன்னது ரொம்பச் சரி, அது அப்படியே அதுதான்.

இந்தக் குறுக்குவழியை அவர் 1977-ல் வந்த தன் ‘விசார்ட்ஸ்’ படத்திலேயே கற்றுக்கொண்டார். அங்கே போர்க் காட்சிக்குப் பணம் தீர்ந்துபோய், ஸ்டுடியோவும் கை விரித்துவிட, பழைய போர்ப் படங்களின் துண்டுகளை எடுத்து இதே மாதிரி கறுப்பாக்கி, கொம்பும் சிவப்புக் கண்ணும் வைத்து ஒப்பேற்றினார். அது வேலை செய்தது. அதனால் இங்கே பெரிதாகவே செய்துவிட்டார்.

ஸ்பெயினில் நடந்ததாக பக்ஷி சொல்லும் கதை ஒன்று உண்டு. அங்கே ஃபிலிமைக் கழுவிய லேபில் இருந்தவர்கள் பிம்பத்தைப் பார்த்து அதிர்ந்துபோனார்களாம். பின்னால் தந்திக் கம்பம் தெரிகிறது, கார் தெரிகிறது, வானத்தில் ஹெலிகாப்டர் தெரிகிறது. இவ்வளவு மட்டமாகப் படம் எடுத்தது வெளியே தெரிந்தால் இனி ஹாலிவுட்காரன் எவனும் ஸ்பெயினுக்கு வர மாட்டான் என்று பயந்து, ஃபிலிமை அழித்துவிடப் பார்த்தார்களாம். மேலே கோடு போட்டுத்தான் வரையப் போகிறார்கள், கம்பத்தையும் காரையும் யாரும் வரையப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. கதை கொஞ்சம் ஊதிப் பெருக்கப்பட்டிருக்கலாம், பக்ஷி கதை சொல்வதில் சூரர். இருந்தாலும் வேலை நடந்த விதம் இதில் நன்றாகவே தெரிகிறது.

ரோட்டோஸ்கோப்பில் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பதை ஒரே காட்சியில் காட்டிவிடலாம். மந்திரவாதி காண்டால்ஃப், கதாநாயகன் ஃப்ரோடோவின் வீட்டில் அந்த மாய மோதிரத்தின் வரலாற்றைச் சொல்லும் இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காண்டால்ஃபின் கை ஒரு நொடி சும்மா இருக்காது. விரலை நீட்டுகிறார், கையை விரிக்கிறார், மேலங்கியைச் சுழற்றுகிறார். அந்த மேலங்கி சுழலும்போது துணிக்கு எடை இருக்கிறது. திரும்பிய பிறகு துணி ஒரு கணம் தாமதித்து வந்து காலில் மோதி நிற்கும். எந்த ஓவியரும் மனதிலிருந்து இதை இவ்வளவு துல்லியமாக வரைந்துவிட முடியாது. ஆனால் முகத்தைப் பாருங்கள். முகத்தில் அந்த அளவு உயிர் இல்லை. நடிகரின் முகத்தில் இருந்த நிழல், சுருக்கம், கன்னத்தின் அசைவு எல்லாம் நாலு கோட்டுக்குள் அடங்காமல் தொலைந்துவிட்டது. உடம்பு மேடை நாடகத்தில் நடிக்கிறது, முகம் பொம்மையாக நிற்கிறது. அதை ஈடுகட்டத்தான் நடிகர்களைக் கையை ஆட்டச் சொல்லியிருப்பார்கள் போல. மேடையில் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று நடிப்பார்களே, அந்த மாதிரி.

உடம்பு ஒருவர், குரல் இன்னொருவர் என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஃப்ரோடோவின் உடம்பு ஷேரன் பேர்ட் என்ற நடிகை. அவனை வளர்த்த பில்போவின் உடம்பு பில்லி பார்ட்டி. குரல் கொடுத்தவர்கள் பிரிட்டிஷ் நடிகர்கள், அதில் பலர் பெரிய ஆட்கள். வீரன் அரகார்னுக்கு ஜான் ஹர்ட். எல்ஃப் லெகோலஸுக்கு ஆன்டனி டேனியல்ஸ், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துத் தங்க ரோபோவுக்குள் இருந்தவர். இதைத் தெரிந்துகொண்டு லெகோலஸ் பேசுவதைக் கேட்டால் சிரிப்பு வராமல் இருக்காது, எச்சரித்துவிடுகிறேன்.

இப்போது அந்தக் கறுப்புக் குதிரைக்காரன் காட்சி. ஃப்ரோடோவும் கூட்டாளிகளுமாக நாலு ஹாபிட்டுகளும், அதாவது குட்டை மனிதர்களும், ஓடிவந்து சாலையோரம் ஒரு பெரிய மரத்தின் வேருக்கு அடியில் ஒளிந்துகொள்கிறார்கள். மேலே சாலையில் நாஸ்கூல், அதாவது அந்தக் கறுப்புக் குதிரைக்காரன், வந்து நிற்கிறான். குதிரையிலிருந்து இறங்குகிறான். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். மோப்பம் பிடிக்கிறான். வேர் கீழே, அவன் மேலே, நடுவில் ஒரு கை அகலம் மண். இந்த இடத்தில் ரோட்டோஸ்கோப் முழுசாக ஜெயிக்கிறது. அங்கே முகமே இல்லை, முக்காடுக்குள் இருட்டுதான். துணியும் நடையும் மட்டும் இருந்தால் போதும், அது இரண்டும் இந்த முறைக்குக் கைவந்த கலை. அந்த இழுப்பு நடையை வெறும் கற்பனையில் வரைந்திருந்தால் கார்ட்டூன் நடையாகப் போயிருக்கும்.

நூலில் இப்படி வேருக்கடியில் ஒடுங்குவது கிடையாது. சாலையை விட்டு விலகிப் புல்லிலும் மரத்தின் பின்னாலும் மறைவார்கள், அவ்வளவுதான். ஜாக்சன் படத்தில் இந்தக் காட்சி எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அதே வேர், அதே ஒடுங்கல், மேலே அதே குனிதல். விடுதியில் நாஸ்கூல்கள் படுக்கைகளை வாளால் குத்தும் காட்சியும் அப்படித்தான். நூலில் மறுநாள் காலையில் கிழிந்து கிடக்கும் படுக்கையைத்தான் பார்ப்போம். குத்துவதைக் காட்டியது பக்ஷி, அப்புறம் ஜாக்சன். பில்போவின் பிறந்தநாள் விருந்தில் ஒரு கிழவர் மேஜை மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தன் குடும்பப் பெயரின் பன்மையைத் திருத்திக் கத்துவாரே, அந்தக் கோணம் பக்ஷிக்கான மரியாதை என்று ஜாக்சன் தன் டிவிடி உரையிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஜாக்சனுக்கு நாவலே இந்தப் படத்தின் வழியாகத்தான் வந்தது. நியூசிலாந்தில் பதின்வயதில் இதைப் பார்த்துவிட்டு, பட அட்டை போட்ட நாவலை வாங்கி, வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து போகும் நீண்ட ரயில் பயணத்தில் படித்ததாகச் சொல்லியிருக்கிறார். பக்ஷிக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. ஜாக்சன் படம் எடுக்கும்போது தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கூப்பிட்டிருக்கலாமே என்று. எனக்கு அவர் கோபம் நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் உரிமை அவர் கையில் இல்லை, அதுதான் உலகம்.

நாஸ்கூல் விஷயத்தில் இன்னொன்று. ஆற்றுக் கடவில் ஃப்ரோடோவைத் துரத்தும் நீண்ட காட்சியில் வானம் கறுத்து, சிவந்து, நிலப்பரப்பே காணாமல் போய்விடும். அங்கே குதிரைக்காரர்கள் பாதி ஓவியம், பாதி புகைப்படம். மற்ற இடங்களில் கண்ணை உறுத்தும் அதே கலப்படம் இங்கே பொருந்திப்போகிறது. ஃப்ரோடோ காயம்பட்டு, பாதி இந்த உலகம் பாதி நிழல் உலகம் என்று இருக்கிறான். அவன் பார்ப்பதும் பாதிப்பாதியாக இருப்பதில் என்ன தப்பு? திட்டம் போட்டுச் செய்ததா, தானாக அமைந்ததா என்று நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ப்ரீ என்ற ஊரின் விடுதியில் பீர் குடித்துக்கொண்டிருக்கும் சாதாரண ஊர்க்காரர்களும் அதே சாயத்தில் வரும்போது எந்தச் சாக்கும் செல்லாது. நாலு ஹாபிட்டுகள் கார்ட்டூன், பக்கத்து மேஜைக்காரன் மனிதன். அது நாளில்லாமல் விட்டது, வேறொன்றும் இல்லை.

மற்றபடி சில விஷயங்கள் மோசம்தான், மறைக்க விரும்பவில்லை. பால்ராக் நெருப்பும் நிழலுமான பூதம். இங்கே சிங்கத் தலையும் பெரிய இறக்கையுமாக, கோயில் வாகனம் கிளம்பி வந்தது போல நிற்கிறது. போர்வீரன் போரோமிருக்குக் கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம். அரகார்ன் குட்டை அங்கி போட்டுக் காலுக்கு ஒன்றும் இல்லாமல் பனிமலை ஏறுகிறான், பார்க்கும் நமக்குக் குளிர்கிறது. ஃப்ரோடோவின் தோழன் சாமை விளையாட்டுக் கோமாளி ஆக்கிவிட்டார்கள், கதையின் முதுகெலும்பே அவன்தான் என்பது மறந்துபோனது. அப்புறம் சாருமானின் பெயர்! சௌரான், சாருமான் என்று இரண்டு வில்லன்களும் காதில் ஒரே மாதிரி விழுகிறார்கள், பார்ப்பவர்கள் குழம்புவார்கள் என்று அவனை ‘ஆருமான்’ ஆக்கினார்கள். பிறகு மனம் மாறினார்கள். ஆனால் எல்லா இடத்திலும் திருத்தவில்லை. அதனால் ஒரே ஆளை ஒரு காட்சியில் சாருமான் என்றும் அடுத்ததில் ஆருமான் என்றும் கூப்பிடுவார்கள். குழப்பத்தைத் தீர்க்கப் போய் மூன்றாவது வில்லனை உண்டாக்கிய கதை.

நல்லதிலும் ஒன்று சொல்லவேண்டும், கொல்லம். குரல் பீட்டர் வுட்தார்ப். கெஞ்சலும் வஞ்சமும் ஒரே மூச்சில் வரும். 1981-ல் பிபிசி இதே நாவலை வானொலி நாடகமாகப் போட்டபோது கொல்லத்துக்கு அவரையே கூப்பிட்டார்கள். போரோமிருக்குக் குரல் கொடுத்த மைக்கேல் கிரஹாம் காக்ஸும் அதே பாத்திரத்துக்குப் போனார். படத்தைக் குறை சொல்பவர்களும் இந்த இரண்டு குரலைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

வசனமும் அப்படித்தான். திரைக்கதை எழுதியவர்கள் கிரிஸ் காங்க்ளிங்கும் பீட்டர் எஸ். பீகிளும். பீகிள் தானே பேர்பெற்ற மாய நாவலாசிரியர், ‘த லாஸ்ட் யூனிகார்ன்’ எழுதியவர். இவர்கள் டோல்கீனின் வாக்கியங்களை முடிந்தவரை அப்படியே வைத்தார்கள். வெட்டியது உண்டு. டாம் பாம்பாடில் என்ற பாத்திரம் இல்லை, எல்ஃப் பெண் ஆர்வென் இல்லை. ஆற்றங்கரைக்கு முன்னால் அரகார்னைச் சந்திக்க நூலில் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் வருவான். பக்ஷி படத்தில் அந்த வேலையை லெகோலஸுக்குக் கொடுத்தார்கள், ஜாக்சன் படத்தில் ஆர்வெனுக்குக் கொடுத்தார்கள். பாவம் குளோர்ஃபிண்டெல், இரண்டு முறையும் அவனுக்கு இடமில்லை. ஆனால் புதிதாக இட்டுக்கட்டிச் சேர்த்தது ரொம்பக் குறைவு. அந்த விஷயத்தில் பக்ஷி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார் என்றே சொல்வேன்.

சரி, முடிவு. நாவல் மூன்று நூல்களாக வந்தது. இந்தப் படம் முதல் நூலையும், இரண்டாம் நூலில் ஏறக்குறைய பாதியையும் எடுத்துக்கொள்கிறது. ஹெல்ம்ஸ் டீப் போரில் காண்டால்ஃப் உதவிப் படையோடு வந்து சேர்கிறார், ஓர்க்குகள் சிதறுகிறார்கள், காண்டால்ஃப் வெற்றிக் களிப்பில் வாளை மேலே வீசுகிறார், ஒரு குரல் இருள் படைகள் என்றென்றைக்குமாக விரட்டப்பட்டன என்று அறிவித்து, முதல் மாபெரும் கதை முடிந்தது என்கிறது. அந்தப் பக்கம் ஃப்ரோடோவும் சாமும் கொல்லத்தை நம்பி மோர்டாரை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறார்கள். மோதிரம் இன்னும் ஃப்ரோடோவின் கழுத்தில்தான் தொங்குகிறது. எதை என்றென்றைக்கும் விரட்டினார்கள்?

பக்ஷி இரண்டு படமாகவே திட்டமிட்டிருந்தார். பெயரிலேயே ‘முதல் பாகம்’ என்று போடவேண்டும் என்று கேட்டார். வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் படம் என்று தெரிந்தால் யாரும் முழு டிக்கெட் எடுத்து வர மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கு நம் ஊரில் ‘பாகம் 1’ என்று போஸ்டரில் அடித்து முதல் நாள் கூட்டத்தையே திரட்டுகிறோம். 1978-ல் அந்தப் பாகம் என்ற சொல்லுக்கே பயந்தார்கள். விளைவு என்ன? நவம்பர் 15 அன்று படம் வந்தது. முழுக்கதை என்று நம்பிப் போனவர்கள் திரை இறங்கியதும் கொதித்துப்போனார்கள். நூலைப் படித்த ரசிகர்கள்தான் முதலில் ஓடிப் போய்ப் பார்த்தவர்கள், அவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்களும். வெளியே வந்து நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவர்கள் திட்டிக்கொண்டு போனார்கள்.

படம் தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அமெரிக்காவில் மட்டும் சுமார் 3 கோடி டாலர் வசூல். செலவோடு ஒப்பிட்டால் கைநிறைய லாபம். 1979-ல் அறிவியல் புனைவு, மாயக்கதைகளுக்கான ஹியூகோ விருதுக்குப் பரிந்துரை ஆனது, ரோசன்மன் இசை கோல்டன் குளோப் பரிந்துரை வரைக்கும் போனது. அப்படியிருந்தும் இரண்டாம் பாகம் நடக்கவில்லை. பக்ஷி களைத்துப்போயிருந்தார், தயாரிப்பாளரோடும் ஒத்துப்போகவில்லை. பெயர் கெட்டுவிட்ட படத்துக்கு மறுபாதி எடுக்கத் துடித்தவர் யாரும் இல்லை. அவர் 1981-ல் ‘அமெரிக்கன் பாப்’ எடுக்கப் போய்விட்டார். அதிலும் இதே ரோட்டோஸ்கோப்தான், ஆனால் ஓர்க் கூட்டம் இல்லாத கதை என்பதால் கை தேர்ந்த வேலையாக வந்திருக்கும்.

இரண்டாம் பாகம் தேடும்போது உங்கள் கையில் ஒரு படம் சிக்கும். 1980-ல் வந்த ‘த ரிட்டர்ன் ஆஃப் த கிங்’. அதுவும் கார்ட்டூன்தான், அதுவும் மூன்றாம் நூலின் கதைதான். பக்ஷி விட்ட இடத்தைத் தொடர்கிறது என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது ராங்கின்–பாஸ் என்ற வேறு கம்பெனி தொலைக்காட்சிக்காக எடுத்தது. 1977-ல் அவர்கள் எடுத்த ‘த ஹாபிட்’ படத்துக்குத்தான் அது தொடர்ச்சி. உருவம் வேறு, குரல் வேறு, தொனி வேறு. ஓர்க்குகள் அணிவகுத்து நடந்துகொண்டே பாட்டுப் பாடுவார்கள். பக்ஷியின் அந்தச் சிவப்பு வானத்தைப் பார்த்த கையோடு இதைப் போட்டால் வேறு சேனல் மாறிவிட்டதோ என்று தோன்றும்.

ஆனால் அந்த 1977 ‘த ஹாபிட்’ தனியாகப் பார்க்கத் தகுந்தது. அதை வரைந்து கொடுத்தது ஜப்பானில் இருந்த டாப்கிராஃப்ட் என்ற ஸ்டுடியோ. அதே டாப்கிராஃப்டில்தான் ஜப்பானிய கார்ட்டூன் இயக்குநர் மியாசாகியின் ‘நவுசிகா’ படம் 1984-ல் உருவானது. அங்கே வேலை செய்தவர்களில் சிலர் அடுத்த வருடம் தொடங்கிய ஸ்டுடியோ ஜிப்ளிக்குப் போனார்கள். டிராகன் ஸ்மாக் பூனை முகத்தோடு இருப்பதைப் பார்த்து முதலில் திகைப்பீர்கள், பரவாயில்லை.

திரும்ப ஒருமுறை பக்ஷி படத்தைப் பார்ப்பதாக இருந்தால் சின்ன யோசனை. தொடக்கத்தில் மோதிரத்தின் முன்கதையைச் சிவப்புத் திரை முன்னால் கறுத்த நிழல் உருவங்களாகக் காட்டுவார்களே, அதைக் கவனித்துப் பாருங்கள். நமக்குப் பாவைக்கூத்து ஞாபகம் வரும். அங்கே ஓவியமே கிடையாது, வெறும் நடிகர்களின் நிழல். காசும் அதிகம் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு துண்டு இன்றைக்கும் பழசாகவில்லை. அதற்கடுத்து நாஸ்கூல் வரும் இடங்கள், போரோமிர் அம்பு தைத்துச் சாயும் இடம், கொல்லம் வரும் இடங்கள். ஹெல்ம்ஸ் டீப் வந்ததும் பொறுமை போனால் ஓட்டிவிடுங்கள், நானும் பல முறை ஓட்டியிருக்கிறேன். வட்டு வாங்குவதானால் 2010-ல் வந்த ப்ளூரே பிரதியைத் தேடுங்கள். பழைய பிரதிகளில் இருட்டுக் காட்சிகள் வெறும் கறுப்பாகத் தெரியும், அந்தச் சிவப்பே கிடைக்காது.

மீதிக் கதைக்கு ஜாக்சன் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். நாவலைப் படிக்கவில்லை என்றால், ‘இரண்டு கோபுரங்கள்’ நூலின் பின்பாதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ரோடோவும் சாமும் பாறை மலையில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் அது தொடங்கும். படிக்கும்போது கொல்லம் பேசுவது வுட்தார்ப்பின் குரலில் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். எனக்கு இன்னும் அந்தக் குரல்தான் கேட்கிறது.